கார்ட்டர் குடும்பத்துக்கு அஞ்சலி ஆல்பம்: பதிவு செய்யும் முறை

1927 ஆகஸ்டில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டலில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய பதிவில்தான் நாட்டுப்புறப் பாணி (கன்ட்ரி) இசைக்குழுவான கார்ட்டர் குடும்பமும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாக இசைத்தட்டில் பாடினார்கள். கார்ட்டர் குடும்பத்தைக் கௌரவிக்க ஆல்பம் செய்வதென்றால் முதல் வேலை கிதார்தான்.

குழுவின் கிதார் கலைஞர் மேபெல் கார்ட்டரின் பாணியில் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்கும்; ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் தரும். கட்டைவிரலில் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) மாட்டிக்கொண்டு, சி கார்டில் மெதுவாகப் பழகுங்கள். வருடல் ஓங்கினால் மெட்டு அமுங்கிவிடும். வருடும்போது மூன்று கம்பிகளுக்கு மேல் தொடாதீர்கள். இந்தப் பாணி கைவராமல் பதிவுக்குப் போகவே வேண்டாம்.

குழுவின் பாடகி சாரா கார்ட்டர் வாசித்த ஆட்டோஹார்ப்பில் (பொத்தானை அழுத்திக் கார்டு வாசிக்கும் கம்பி வாத்தியம்) பொதுவாக 36 கம்பிகள். அதை முதலில் சுருதி சேர்த்து, கிதாரை அதற்கு இணக்குங்கள். அறையின் வெப்பம் மாறினாலே சுருதி விலகும் என்பதால் ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சரிபாருங்கள்.

மைக் ஒன்றே போதும். பாடுபவர் ஓரடி, கிதார் இரண்டடி, ஆட்டோஹார்ப் மூன்றடி தள்ளி. எது ஓங்கி ஒலிக்கிறதோ அவரைப் பின்னால் நகர்த்துங்கள். எல்லாம் ஒரே மைக்கில் பதிவாவதால், பிறகு மிக்ஸிங்கில் (ஒலிகளைச் சமன்படுத்தும்போது) பிரித்தெடுக்க முடியாது. யாராவது பிசகினால் பாட்டை முழுசாகத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஹெட்போன் வேண்டாம், ஒருவர் குரலுக்கு மற்றவர் நேரடியாக இசையட்டும். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வெளியிடுவதாக இருந்தால், காப்புரிமை தீராத பாடலுக்கு மெக்கானிக்கல் லைசென்ஸ் (பிறர் பாடலைப் பதிவுசெய்து வெளியிடும் அனுமதி) வாங்குங்கள். நடையை மாற்றலாம், அடிப்படை மெட்டை மாற்ற அது இடம் தராது.