வீட்டில் சேர்ந்த அடைசலை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைப்பது எப்படி?

ஆண்டுக்கொரு முறை விடுமுறை நாளாகப் பார்த்து, அலமாரிகளில் உள்ளதையெல்லாம் தரையில் இறக்கி வீட்டை ஒழிக்கத் தொடங்குபவர்கள் பலர். காலையில் இருக்கும் வேகம் மதியத்துக்குள் தணிந்துவிடும். பிற்பகலில் பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் புரட்டியபடி உட்கார்ந்துவிடுவோம். இருட்டுவதற்குள் நடக்க இடம் வேண்டுமே என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் வந்த வழியே உள்ளே திணித்துக் கதவைச் சாத்துவோம். பொருள்கள் இடம் மாறியிருக்குமே தவிர, குறைந்திருக்காது. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுப்பதா, எறிந்துவிடுவதா என்று ஒவ்வொரு பொருளும் நம்மிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. இருநூறு பொருள்கள் உள்ள ஓர் அலமாரியை ஒரே நாளில் ஒழிக்க முனைபவர், ஒன்றன்பின் ஒன்றாக இருநூறு முடிவுகளை எடுத்தாக வேண்டும். அது யாரையும் களைத்துப்போகச் செய்யும் வேலை.

பொருள்கள் வீட்டுக்குள் வருவதோ நாள்தோறும் நடக்கிறது. கடிதங்கள், ரசீதுகள், பொட்டலங்கள், பரிசுகள், சலுகை விலையில் வாங்கியவை என்று ஏதாவது ஒன்று தினமும் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. நீர் வரும் வாய்க்கால் எப்போதும் திறந்திருக்க, வெளியேறும் மதகை மட்டும் ஆண்டுக்கொரு முறை திறந்தால் ஏரி நிரம்பி வழியத்தான் செய்யும். எனவே வெளியேறுவதும் நாள்தோறும் நடக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்லும் முறை முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல் நிற்கிறது.

நேரத்தை எப்படி ஒதுக்குவது

ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டுவைக்காமல், ஏற்கெனவே தவறாமல் செய்துவரும் ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காலைத் தேநீருக்குப் பிறகு, இரவு பாத்திரம் கழுவி முடித்த கையோடு, வேலையிலிருந்து திரும்பி உடை மாற்றியதும் என்று உங்களுக்குப் பொருந்தும் ஒரு தருணத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய செயலே அடுத்ததை நினைவூட்டும் என்பதால், மன உறுதியைத் தனியாகத் திரட்ட வேண்டிய தேவை குறையும்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். 96 பேர் தாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் எளிய செயலை, நாள்தோறும் ஒரே சூழலில் 12 வாரங்கள் செய்துவந்தனர். அந்தச் செயல் யோசிக்காமலேயே நடக்கும் நிலையை எட்டுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. ஆனால், ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. ஆகவே, மூன்று வாரமாகியும் பழக்கம் படியவில்லையே என்று மனம் தளர்வதற்கு இடமே இல்லை.

பத்து நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். உற்சாகம் மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதுதான் மறுநாள் மீண்டும் உட்காரத் தூண்டும். எடுத்துக்கொள்ளும் பரப்பும் சிறியதாக இருக்கட்டும்: ஓர் இழுப்பறை, அலமாரியின் ஒரு தட்டு, ஒரு கைப்பை. ‘படுக்கையறை’ என்பது ஒரு நாள் வேலைக்கான அளவு அன்று.

முதலில் எளிய முடிவுகள்

தேதி அச்சிடப்பட்ட பொருள்களிலிருந்து தொடங்குவது நல்லது. காலாவதியான மருந்துகள், கெட்டுப்போன முகப்பூச்சுகள், தவணை கடந்த கூப்பன்கள், முடிந்துபோன உத்தரவாத அட்டைகள் ஆகியவற்றில் முடிவை உங்களுக்குப் பதிலாகத் தேதியே எடுத்துவிடுகிறது. அடுத்ததாக, உடைந்தவையும் துணை இழந்தவையும் வரலாம்: மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், ஒற்றைக் காலுறைகள். உடைகள், புத்தகங்கள், நினைவுப் பொருள்கள் ஆகியவை கடைசியில் வரட்டும். முடிவெடுக்கும் திறமையும் பழகப் பழகத்தான் கூர்மையாகும்.

ஒரு மேசை இழுப்பறையை எடுத்துக்கொள்வோம். அதை முழுவதுமாக வெளியே இழுத்து, ஒரு பழைய துணியின்மேல் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும்போதே கிளறினால், நல்லது கெட்டது தெரியாமல் பாதியில் மூடிவிடுவோம். கவிழ்த்ததும் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்: எந்தப் பூட்டுக்கு உரியவை என்று தெரியாத சாவிகள், எழுதாத பேனாக்கள், எந்தக் கருவியோடு வந்தன என்று நினைவில்லாத சார்ஜர் ஒயர்கள், ஓரத்தில் வெண்மையாகப் பூத்துப்போன பேட்டரிகள், எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிட்ட ரசீதுகள்.

பேனாக்களை ஒரு தாளில் கிறுக்கிப் பாருங்கள். எழுதாதவை அப்போதே வெளியே போகட்டும். சாவிகளை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள பூட்டுகள், பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு சுற்றுப் போட்டுப் பார்த்து, பொருந்துவதற்கு உடனே ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள். ஒயர்களை வீட்டிலுள்ள கருவிகளில் செருகிப் பார்த்து, பொருந்துபவற்றில் வகைக்கு ஒன்றும் கூடுதலாக ஒன்றும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பூத்துப்போன பேட்டரிகளை வெறுங்கையால் தொடாதீர்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோலை அரிக்கும். ரசீதுகள் மங்குவதற்குக் காரணம், அவை சூடுபட்டால் கருக்கும் பூச்சு கொண்ட தாளில், மையில்லாமல் அச்சிடப்படுவதுதான். உத்தரவாதத்துக்குத் தேவையான ரசீதை வாங்கிய அன்றே நகலோ படமோ எடுத்துவிட்டால், இந்தக் குவியலில் பாதி சேராது.

இழுப்பறையைத் துடைத்து, தங்கும் பொருள்களை மட்டும் திரும்ப அடுக்குங்கள். அடுக்குவதற்கான தட்டுகளையும் பெட்டிகளையும் இந்தக் கட்டத்தில் புதிதாக வாங்க வேண்டாம். பொருளைக் குறைப்பதற்கு முன் பெட்டி வாங்குபவர், அடைசலுக்கு நிரந்தர முகவரி தந்துவிடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

கை தயங்கும் இடங்கள்

கையிலிருக்கும் பொருளை விடுவதற்கு நாம் தயங்குவதில் வியப்பில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பாதியினருக்குக் காபிக் கோப்பைகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அவற்றை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டனர். கோப்பை பெறாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டனர். சற்று முன்பு வரை தமக்குச் சொந்தமாக இல்லாத கோப்பைக்கு, வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. நம்முடையது என்று ஆனதுமே பொருளின் மதிப்பு நம் கண்ணில் உயர்ந்துவிடுகிறது. சில நிமிடங்கள் வைத்திருந்த கோப்பைக்கே இப்படியென்றால், பத்து ஆண்டுகளாக அலமாரியில் இருக்கும் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால், ‘இதை எறியலாமா?’ என்ற கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ‘இது இன்று என்னிடம் இல்லாவிட்டால், தேடிப் போய் வாங்குவேனா?’ என்று கேட்டால், அந்தப் பற்று சற்றே விலகி நிற்கும். ‘எப்போதாவது உதவும்’ என்ற பதில் எழுந்தால், எந்த வேலைக்கு, எந்த மாதத்தில் என்று தொடர்ந்து கேளுங்கள். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற வருத்தமும் இருக்கும். ஆனால், அந்தப் பணம் வாங்கிய நாளிலேயே போய்விட்டது. பொருளை வைத்திருப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை, இடம்தான் சேர்ந்து போகிறது.

எவ்வளவு கேட்டும் முடிவுக்கு வராதவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே அன்றைய தேதியையும் ஆறு மாதத்துக்குப் பிந்தைய தேதியையும் பெரிதாக எழுதிவையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் தேவைப்பட்டு எடுத்தவை வீட்டில் தங்கட்டும். இரண்டாவது தேதி வந்ததும் மிச்சமுள்ளவை போகட்டும். அடையாள ஆவணங்கள், சொத்துப் பத்திரங்கள், சான்றிதழ்கள், நகைகள் ஆகியவற்றை மட்டும் ஒருபோதும் இந்தப் பெட்டியில் போடக் கூடாது.

வாசலைத் தாண்டும் வரை வேலை முடியவில்லை

கொடுப்பதற்கென்று மூட்டை கட்டி மூலையில் வைத்த பொருள், இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. சில வாரங்களில் அந்த மூட்டை அவிழும். உள்ளிருந்தவை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். எனவே, வாசலருகே ஒரே ஒரு பையை வைத்து, அது நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வாரத்தில் குறித்த ஒரு நாளில் வெளியே எடுத்துச் செல்வதை வழக்கமாக்குங்கள். பிறருக்குக் கொடுக்கும் உடை துவைத்ததாகவும், பொத்தான் உள்ளதாகவும் இருக்கட்டும். நண்பருக்குக் கொடுக்கக் கூசும் பொருளை முன்பின் தெரியாதவருக்கும் கொடுக்கக் கூடாது.

சில பொருள்களைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றில் இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றக்கூடியது. அதன் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பழைய கைபேசியைக் கைமாற்றுவதற்கு முன் தேவையானவற்றை நகலெடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, தகவல்களை முழுவதுமாக அழித்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான மருந்துகளைக் கழிப்பறையிலோ கழுவுதொட்டியிலோ கொட்டினால் அவை நீர்நிலைகளைச் சென்றடையும். மருந்துக் கடையில் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டா என்று கேட்டுக் கொடுப்பதே சரி. கணக்கு எண், கையெழுத்து ஆகியவை உள்ள தாள்களைக் கிழித்துத் துண்டாக்கிய பிறகே போட வேண்டும்.

உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துதல்

கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் வாசலில் நின்றபடியே பிரித்து, வேண்டாதவற்றை மேசைக்குப் போகும் முன்பே கழித்துவிடுங்கள். பொட்டலத்தின் அட்டைப்பெட்டியை, பொருளைத் திருப்பி அனுப்பும் தவணை முடிந்த அன்றே மடித்து வெளியேற்றுங்கள். ஓர் உடை வந்தால் ஓர் உடை போக வேண்டும் என்ற விதியை, வாங்குவதற்கு முன்பே நினைத்துப் பாருங்கள். எதை அனுப்புவது என்று தெரியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். இலவசமாகக் கிடைப்பதை மறுக்கவும் பழக வேண்டும்.

மேசை, நாற்காலி, சன்னல் திட்டு போன்ற கிடைமட்டப் பரப்புகள்தான் அடைசலின் விளைநிலம். அங்கே வைத்த ஒரு பொருள், அடுத்ததற்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு பரப்பைத் தேர்ந்தெடுத்து, உறங்கப் போகும் முன் அதை முழுவதும் காலி செய்து துடைத்துவிடுங்கள். அது கைவந்த பிறகே அடுத்த பரப்புக்குச் செல்லுங்கள்.

உடன் வாழ்பவர்களின் பொருள்களில், அவர்களைக் கேட்காமல் கைவைக்கவே கூடாது. கேட்காமல் எறிந்த ஒரு பொருளால், அவர்கள் மற்ற எல்லாவற்றையும் இறுகப் பற்றிக்கொள்வார்கள். குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, ‘இதில் அடங்கும் அளவு பொம்மைகளை நீயே தேர்ந்தெடு’ என்று சொல்லிப் பாருங்கள்; பெரியவர்களைவிடத் தெளிவாகத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியவர்களுக்கும் அதே எல்லை பொருந்தும்: மறைந்தவர்களின் நினைவாக வைத்திருப்பவற்றுக்கு ஒரு பெட்டியை ஒதுக்கி, அதற்குள் அடங்குபவற்றை அவசரமில்லாமல், மனம் இடங்கொடுக்கும் நாளில் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்றை இங்கே அக்கறையோடு சொல்ல வேண்டும். எதையும் விட முடியாத தவிப்பும், படுக்கவும் சமைக்கவும் இடமில்லாத அளவுக்குச் சேர்ந்த குவியலும் இருந்தால், அது பழக்கத்தால் மட்டும் தீரக்கூடியது அன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், பொருள் பதுக்கும் கோளாறு தனி நோயாக இடம்பெற்றது. அந்த நிலையில் இருப்பவரைக் கண்டிப்பதும், அவர் இல்லாத நேரத்தில் வீட்டைக் காலி செய்வதும் துன்பத்தைக் கூட்டும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உதவி.

மற்றவர்களுக்கு வரும் பெரிய இடையூறு, விட்டுப்போகும் நாள்கள்தான். காய்ச்சலோ பயணமோ விருந்தினர் வருகையோ இடையில் வரத்தான் செய்யும். முன்னர்ச் சொன்ன ஆய்வில், ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. விட்ட நாளுக்கு ஈடுகட்ட மறுநாள் இருபது நிமிடம் உட்கார வேண்டாம். வழக்கமான நேரத்தில், வழக்கமான பத்து நிமிடத்துக்கே மணி வைத்து, எந்த இழுப்பறையில் நிறுத்தினீர்களோ அங்கிருந்தே தொடருங்கள்.