வீட்டுத் தோட்டத்துக்கு டிராக்டரைக் கூப்பிடும் முன்: கருவியில் நடக்கும் தவறுகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பது சென்ட், எழுபது சென்ட் என்று நிலம் வாங்கி, நடுவில் வீட்டைக் கட்டிச் சுற்றிலும் காய்கறி போடுகிறவர்கள் எங்கள் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆடி நெருங்கும்போது இவர்கள் உழவுக்குச் செய்யும் ஏற்பாட்டைப் பார்த்தால் வேலியோரம் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை. டிராக்டர் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நாங்களெல்லாம் செய்த அதே கோளாறுகள், ஒன்று விடாமல் திரும்ப நடக்கின்றன. கல்லைப் பொறுக்குங்கள், முள்ளை வெட்டுங்கள் போன்ற பால பாடங்களை விட்டுவிடுகிறேன். எந்தக் கருவியை, எப்போது, எந்த வரிசையில் என்பதில் நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே. இருபது சென்டுக்குக் கீழே இருந்தால் டிராக்டரே வேண்டாம். கையால் பிடித்து ஓட்டும் சிறிய உழவு இயந்திரமான பவர் டில்லர் போதும்.

எடுத்த எடுப்பில் ரோட்டவேட்டர்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்த மண். அருகம்புல்லும் கோரையும் பாய் விரித்தது போல மூடிக் கிடக்கும். அதில் முதல் கருவியாக, சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை இறக்குகிறார்கள். காரணம் எளிது: ஒரே ஓட்டில் புல் மறைந்துவிடும், மண் பொலபொலவென்று ஆகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஓட்டுநருக்கும் அதுதான் வசதி. கலப்பையைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது சென்ட் செம்மண். உரிமையாளர் அரசு அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்; கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். ஓட்டியது வெளியூர் வண்டி. இரண்டாவது ஓட்டு முடிந்ததும் ஓட்டுநரே வண்டியை நிறுத்தி, "சார், இதுக்கு மேல் ஓட்டினால் அடிமண் இறுகிவிடும்" என்றார். "தம்பி, காசு நான்தானே கொடுக்கிறேன், இன்னும் ஒரு ஓட்டு ஓட்டுங்கள்" என்று பதில் வந்தது. மூன்றாவது ஓட்டில் பின்பக்கத் தகட்டையும் இறக்கிவிட்டு ஓட்டினார்கள். அந்தத் தகடு தாழ்ந்திருந்தால் கட்டிகள் அதில் மோதி மேலும் நொறுங்கும். நடந்தால் கணுக்கால் புதையும் அளவுக்குப் புழுதி. வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினார்கள்.

மூன்றாம் நாள் ஒரு கனமழை. செம்மண்ணைப் பொடியாக்கி வைத்தால் மழை அடித்துக் காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். வெண்டை முளைகள் அந்த ஓட்டுக்கு அடியில் கழுத்து மடங்கிக் கிடந்தன. வெடிப்பு விட்ட இடங்களில் மட்டும் ஒன்றிரண்டு தலைகாட்டின. கோரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதன் முளை ஊசி போன்றது, ஓட்டைக் குத்திக்கொண்டு வந்துவிடும். இரண்டு வாரத்தில் தோட்டம் முழுக்கப் பச்சை. சாலையில் போனவர்கள் "பயிர் நன்றாக வந்திருக்கிறதே" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மண்வெட்டியால் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தோம். கோரையின் கிழங்கு நிலக்கடலைப் பருப்பு அளவில் கறுப்பாக இருக்கும். கம்பி போன்ற மெல்லிய வேரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். இந்தச் சரம் அறுபடாமல் இருக்கும் வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும். நுனியிலிருப்பது மட்டும் வளர்ந்து மற்றதை அடக்கி வைத்திருக்கும். ரோட்டவேட்டரின் வளைந்த பிளேடுகள் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றுச் சுற்றிக்கொண்டே சரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தில் மட்டும் இருந்த கோரையை வயல் முழுவதும் பரப்பிவிடுகின்றன. கிழங்கோடு அறுபட்ட ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. அருகம்புல்லின் தண்டுக்கும் இதே கதிதான். கணு இருக்கும் துண்டெல்லாம் வேர்விடும். ஆள் வைத்துக் களை எடுத்த கூலி, உழவுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு ஆனது. அந்தக் கணக்கை அவரே போட்டார்.

அதே குழியில் இன்னொன்றும் தெரிந்தது. ஐந்து அங்குலத்துக்குக் கீழே மண் வழவழவென்று, கொத்தனார் பூசிவிட்ட சுவர் மாதிரி இருந்தது. ரோட்டவேட்டர் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஈரமான மண்ணில் திரும்பத் திரும்ப ஓட்டினால் பிளேடின் அடிப்பாகம் அதே ஆழத்தில் மண்ணைத் தேய்த்துத் தேய்த்து இறுக்கிவிடும். தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேர் அந்த இடம் வரை வந்து, பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கும். மழைநீரும் அங்கே நின்றுவிடும். மேலே சேறு, அடியில் காய்ந்த மண். இரண்டு நாள் வெயில் அடித்தால் செடி வாடும். "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று சொல்லிக்கொண்டே ரோட்டவேட்டருக்கு ஆள் அனுப்புகிறவர்களை என்ன செய்வது?

உங்கள் நிலத்தில் இந்த இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளமான இரும்புக் கம்பி போதும். மழைக்கு அடுத்த நாள் கையால் அழுத்துங்கள். ஐந்தாறு அங்குலம் சுலபமாக இறங்கி, பிறகு எல்லா இடத்திலும் அதே ஆழத்தில் நின்றால் இறுக்கம் உண்டு. அதை உடைக்க உளிக் கலப்பை வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குப் போகும். இரண்டு சாலுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை ஓட்டினால் மூன்று ஆண்டுக்குக் கவலை இல்லை. மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் அடிமண் நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போல ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

சரியான வரிசை என்னவென்றால், சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் சட்டிக் கலப்பையோ (உருளும் வட்டத் தட்டுகள் கொண்டது) இறக்கைக் கலப்பையோ (வளைந்த இரும்பு இறக்கை கொண்டது) போட்டு மண்ணைப் புரட்டிவிடுங்கள். கல்லும் பழைய மரவேரும் இருந்தால் சட்டிக் கலப்பைதான். தட்டு உருண்டு மேலேறிப் போய்விடும், இறக்கைக் கலப்பை மாட்டிக்கொண்டு உடையும். புரட்டிய மண் பெரிய பெரிய கட்டியாகக் கிடக்கும். பார்க்கச் சகிக்காது. அப்படியே விடுங்கள். வெயிலில் காய்வது கோரைக்கிழங்குக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரம் அக்கினி வெயிலில் கிடந்தால் மேலே வந்த கிழங்குகள் சுருங்கிச் செத்துவிடும். பிறகு ஐந்து கொத்துக் கலப்பையால் (மண்ணைக் கிளறும் ஐந்து இரும்புக் கொழு உள்ளது) குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். கொத்து, வேரை அறுக்காமல் இழுத்து மேலே போடும்; ஆள் வைத்துப் பொறுக்கி அள்ளலாம். தொழு உரம் கொட்டி, ஒன்பது கொத்துக் கலப்பையால் ஒரு ஓட்டு. இதற்குப் பிறகுதான் ரோட்டவேட்டர். அதுவும் கீரை, கேரட் போன்ற பொடி விதை போடும் இடத்தில் மட்டும், மேலாக, ஒரே ஒரு ஓட்டு. கத்தரி, தக்காளி நாற்று நடும் இடத்துக்கு அது கூடத் தேவையில்லை.

ரோட்டவேட்டர் மோசமான கருவி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அது கடைசியில் வர வேண்டிய ஆள்.

பதம் பார்க்காமல் ஓட்டுவது

உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வந்த வண்டியை அனுப்ப மனம் வராது என்பது தெரியும். ஆனால் கரிசலில் ஈரமாக உழுத கட்டி கல்லாகி, அந்தப் பருவம் முழுக்க உடையாமல் கிடக்கும்.

டிராக்டர் பெரிது, தோட்டம் சிறிது

50 சென்ட் என்பது 21,780 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 147 அடிதான். 45 குதிரைத்திறன் வண்டி கலப்பையோடு திரும்புவதற்கு இரண்டு முனையிலும் பதினைந்து அடியாவது பிடிக்கும். அந்த இடத்தை அது உழுவதைவிட மிதிப்பதுதான் அதிகம். நடுவில் தென்னை, கிணறு, வேலி என்று இருந்தால் சொல்லவே வேண்டாம். இருபது குதிரைத்திறன் அளவிலுள்ள மினி டிராக்டர் இந்த இடத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதனிடம் உளிக் கலப்பை வேலையை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மட்டும் ஒரு நாள் பெரிய வண்டியைக் கூப்பிடுங்கள்.

கருவியின் அகலத்தையும் பாருங்கள். இரண்டு பின் டயர்களின் வெளி ஓரத்தைவிடக் கருவி குறுகலாக இருந்தால், டயர் அழுத்திய தடம் உழப்படாமல் பின்னால் நீண்டுகொண்டே வரும்.

மேல்மண்ணை வழித்து மட்டம் செய்வது

வீடு கட்டும்போதே பொக்லைன் வைத்து மனையை மட்டமாக்கிவிடுகிறார்கள். மேட்டிலிருந்த நல்ல மண் பள்ளத்தில் புதைந்து, மேட்டில் சரளை தெரியும். அங்கே எந்தக் கலப்பை போட்டும் பயனில்லை. மட்டம் செய்தே ஆக வேண்டுமென்றால் மேல்மண்ணை முதலில் ஓரமாகக் குவித்துவிட்டு, மட்டம் செய்த பிறகு திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். கூடுதலாகச் சில மணி நேர வாடகைதான்.

குழாய் எங்கே ஓடுகிறது?

தண்ணீர்க் குழாய் உளிக் கலப்பை இறங்கும் ஆழத்தில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அது போகும் வழியில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேட்டி, துண்டு, பி.டி.ஓ.

பி.டி.ஓ. என்பது டிராக்டரின் பின்னாலிருந்து ரோட்டவேட்டர் போன்ற கருவியைச் சுற்றவைக்கும் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. வேட்டியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். கிட்டே போகாதீர்கள்.

பாத்தியின் அகலத்தை டிராக்டரிடம் விடுவது

மண்ணை மேடும் சாலுமாக ஆக்கும் பார் கலப்பை வயலுக்குச் செய்தது. ஓட்டுநர் தன் வழக்கப்படி இடைவெளி வைத்து மண்ணை அணைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு அந்த இடைவெளியில் கீரையும் வெங்காயமும் போட்டு, குனிந்தும் தாண்டியும் இடுப்பொடிவது நீங்கள்தான். மேட்டுப்பாத்தி நான்கு அடி அகலம் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவுக்கு எட்டும். நடைபாதை ஒன்றரை அடி. முதலில் கயிறு பிடித்துக் குச்சி அடித்து வைத்துவிட்டு, இரண்டு சால் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். மீதியை மண்வெட்டியால் இழுத்துக்கொள்ளலாம். ஒருமுறை பாத்தி அமைந்துவிட்டால் அதன் மேல் டயர் ஏறவே கூடாது.

கருவியைச் சொந்தமாக வாங்கிக் குவிப்பது

ஒரு ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குச் சட்டிக் கலப்பையும் உளிக் கலப்பையும் சொந்தமாக எதற்கு? ஆண்டுக்கு ஒரு நாள் வேலை, மீதி நாளெல்லாம் துரு. வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் இ-வாடகைப் பகுதியில் முன்பதிவு செய்யலாம். ஆடியில் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். சித்திரையில் கேட்டால் அவ்வளவு நெருக்கடி இருக்காது, உழ வேண்டிய காலமும் அதுதான். அடிக்கடி தேவைப்படும் பவர் வீடர் (களை எடுக்கும் சிறிய இயந்திரம்) ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் பழைய கலப்பை மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடும் முன் பின்பக்க இணைப்பை அளந்துவிடுங்கள். கருவியை மாட்டும் கீழ்க்கரத்தில் செருகும் இரும்பு முளைக்குப் 'பின்' என்று பெயர். சிறிய வண்டிகளுக்கு அது பொதுவாக 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளுக்கு 28. பெரிய வண்டியின் கலப்பையை வாங்கி வந்து பின்னை மாற்றி மாட்டினால் மாட்டலாம்தான். ஆனால் ஹைட்ராலிக் அந்த எடையைத் தூக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பின் அளவு, வண்டியின் குதிரைத்திறன், ஹைட்ராலிக் தூக்கும் எடை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். விற்கிறவரிடம் கேட்டால் "எல்லாம் சேரும்" என்றுதான் சொல்வார்.