குடும்பத்தோடு குரூஸ்: கப்பல் கரையில் நிற்கும் நாளைத் திட்டமிடுவது எப்படி?

குரூஸ் அட்டவணையில் ‘ரோம், காலை 7 முதல் மாலை 7 வரை’ என்று போட்டிருப்பார்கள். பார்த்ததும் ரோமில் 12 மணி நேரம் கிடைக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் கப்பல் ரோமுக்குப் போகாது. அது நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போகவர நேரத்தைக் கழித்துப் பார்த்தால், குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு நகரத்துக்குள் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம்.

முதல் முறை குரூஸ் போகிறவர்கள் கேபின், சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாவற்றையும் அலசிவிட்டு, கரையில் இறங்கும் நாட்களை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். தாத்தா பாட்டி, பள்ளிப் பிள்ளைகள், ஸ்ட்ரோலரில் ஒரு குழந்தை என்று பட்டாளமாக இறங்கும்போது ஒத்துவராது. கீழே உள்ளதை டிக்கெட் போட்ட கையோடு ஆரம்பித்துவிட்டால், கப்பல் ஏறும்போது தலைவலி இருக்காது.

படி 1: கப்பல் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

அட்டவணையில் இருக்கும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் விளம்பரப் பெயர். புளோரன்ஸ் என்றால் கப்பல் நிற்பது லிவோர்னோவில், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் என்றால் லெ ஆவ்ர், 200 கிலோமீட்டருக்குக் குறையாது. பாங்காக் என்றால் பல கப்பல்கள் லேம் சபாங்கில்தான் நிற்கும். அதுவும் 100 கிலோமீட்டருக்கு மேல். பெர்லின் என்று போட்டிருந்தால் வார்னமுண்டே; ரயிலில் போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெர்லினை மறந்துவிட்டு வார்னமுண்டேயிலேயே இருந்துவிடுவது நல்லது. கப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அகலமான மணல் கடற்கரை, ஒரு கலங்கரை விளக்கம். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இதற்கு நேர்மாறான ஊர்களும் உண்டு. மால்டாவின் வலேட்டாவில் கப்பல் ஊரின் காலடியிலேயே நிற்கும். பராக்கா லிப்டில் ஏறினால் 58 மீட்டர் மேலே, ஊரின் மொட்டை மாடி மாதிரியான தோட்டத்தில் இறங்கலாம். அலாஸ்காவின் ஜூனோவில் மலைக்குப் போகும் ரோப்கார் கப்பல் தளத்தை ஒட்டியே கிளம்புகிறது. இப்படிப்பட்ட இடங்களில் முன்பதிவுச் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்க அவசியமே இல்லை.

அடுத்து, கப்பலைத் துறைமுகத் தளத்தை ஒட்டி நிறுத்துகிறார்களா, இல்லை நடுக்கடலில் நங்கூரம் போட்டு டெண்டர் படகில் ஆட்களை இறக்குகிறார்களா என்று பாருங்கள். சாண்டோரினி, கிராண்ட் கேமன் இரண்டும் டெண்டர் துறைமுகங்கள். டெண்டர் என்றால் காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. காற்று பலமாக இருந்தால் அந்த ஊரே ரத்தாகலாம். ஸ்ட்ரோலரை மடித்துத்தான் படகில் ஏற்ற முடியும். கடல் அலைக்குப் படகு ஆடும்போது வயதானவர்கள் கால் எடுத்து வைப்பதும் சிரமம்.

அப்புறம், கிழமை. இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புளோரன்ஸின் உஃபீசி ஓவியக் கூடம் திங்கட்கிழமை கிடையாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அட்டவணையில் தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அந்தத் துறைமுகத்துக்கு இன்னும் எத்தனை கப்பல் வருகிறது என்பதை குரூஸ்மேப்பர் மாதிரி தளங்களில் பார்க்கலாம். நான்கைந்து கப்பல் சேர்ந்து வருகிற நாளில் சின்ன ஊர் திணறிப்போகும். அன்றைக்குக் காலை முதல் ஆளாக இறங்குவதுதான் வழி.

படி 2: நேரத்தைக் கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

எல்லாரும் காலையிலிருந்துதான் திட்டம் போடுவார்கள்: எட்டு மணிக்கு இறங்குகிறோம், பத்துக்கு அங்கே, பன்னிரண்டுக்கு இங்கே என்று. குரூஸில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் எழுத வேண்டியது ‘ஆல் அபோர்ட்’ நேரம். எல்லாரும் கப்பலுக்குள் வந்துவிட வேண்டிய கடைசி நேரம் அது. கப்பல் கிளம்பும் நேரத்துக்குப் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும்.

ரோமையே எடுத்துக்கொள்வோம். கப்பல் 7 மணிக்குக் கிளம்புகிறது. ஆல் அபோர்ட் 6 மணி என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளோடு போகிறவர்கள் 5 மணிக்கே கப்பலடிக்கு வந்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்கக் கூடாது. சிவிட்டாவெக்கியா ரயில் நிலையத்திலிருந்து துறைமுக வாசலுக்கு வந்து, அங்கிருந்து ஷட்டில் பஸ் பிடித்துக் கப்பலுக்கு வர அரை மணி. அதாவது ரயில் 4:30-க்கு வந்து சேர வேண்டும். ரோமிலிருந்து ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், 3:30. ஒரு ரயில் தவறிப்போனால் அடுத்ததைப் பிடிக்க இன்னொரு அரை மணி. ஆக, மதியம் 3 மணிக்கு ரோம் ரயில் நிலையத்தில் நிற்க வேண்டும்.

இப்போது காலைப் பக்கம். 7 மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் கதவு திறக்கும். குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, வரிசையில் நின்று இறங்க 8 மணி. ஷட்டில், டிக்கெட், ரயில் என்று ரோம் போய்ச் சேர 10. கையில் இருப்பது 10 முதல் 3 வரை. அதற்குள்தான் மதியச் சாப்பாடும், கழிப்பறை தேடுவதும், யாராவது ஒருவர் ‘கால் வலிக்குது’ என்று உட்காருவதும். கொலோசியம் ஒன்று, இல்லையென்றால் வத்திக்கான் ஒன்று. இரண்டும் வேண்டும் என்று இழுத்தால் இரண்டுமே உருப்படாது. கொலோசியம் டிக்கெட்டில் பெயரும் நுழைவு நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அதனால் 11 மணிக்கு முந்தைய நேரத்தைப் போடாதீர்கள். ரயில் பத்து நிமிஷம் தாமதமானாலே பதற வேண்டிவரும். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

எந்தத் துறைமுகத்துக்கும் இதே கணக்குதான். கணக்குப் போட்ட பிறகு கையில் நிற்பது மூன்று மணி நேரத்துக்குக் கீழே என்றால் அந்தத் தூரத்து ஊரை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதாவது பாருங்கள்.

படி 3: எந்தக் கடிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் கப்பலைத் தவறவிட இதைவிட எளிய வழி கிடையாது. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் வருடம் முழுக்க ஒரே நேரம். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமியில் மாற்றுவார்கள். எனவே கோடையில் மயாமியிலிருந்து கிளம்பும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் கொசுமெல் வந்தால், கப்பலில் 5 மணி ஆகும்போது கரையில் 4 மணிதான். உங்கள் செல்போன் கரையின் சிக்னலைப் பிடித்து 4 என்று காட்டும். நீங்களும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கடற்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மாறாது. முந்தின நாள் கேபினுக்கு வரும் தினசரித் தாளிலோ செயலியிலோ இது போட்டிருக்கும். கையில் ஒரு சாதாரண முள் கடிகாரத்தைக் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்துவிடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கும் ஒன்று கட்டிவிட்டால், ‘அப்பா, மணி ஆச்சு’ என்று அதுவே பிடுங்கி எடுக்கும்.

படி 4: குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு தாங்கும்?

திட்டத்தின் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது மிகச் சின்னவரும் மிக வயதானவரும்தான். சாண்டோரினியில் பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போக மூன்று வழி: கேபிள் கார், கழுதை, ஏறத்தாழ 600 படிகள். முழங்கால் வலி உள்ள பாட்டியோடு போகிறவர்களுக்குக் கேபிள் கார் மட்டும்தான் வழி. கூட்டமான நாளில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க வேண்டியிருக்கும். இதில் இன்னொன்று: கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே போனாலும், காலையில் வேறு துறையில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள், கடைசியில் ஃபிராவில் விட்டுவிட்டு, நீங்களே கீழே இறங்கி வாருங்கள் என்பார்கள். பதிவு செய்யும்போதே விவரக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள்.

கொசுமெல் தீவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் துலூம் என்ற பழைய மாயன் ஊரின் இடிபாடுகளைப் பார்க்கப் போகும் சுற்றுலாவும் அப்படித்தான். படத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் முதலில் முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பஸ், வெயிலில் நடை, மறுபடியும் அதே வழி. கப்பலில் வாந்தி எடுக்காத பிள்ளை அந்த ஃபெர்ரியில் எடுக்கும்.

எல்லாரும் எல்லா ஊரிலும் இறங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கூட்டம் முழுக்க இறங்கிய நாளில்தான் கப்பலின் நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும். பல கப்பல்களில் கிட்ஸ் கிளப்பும் திறந்திருக்கும். 3 வயது முடிந்து டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளைகளைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெற்றோர் கரைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப் போகலாமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையோடு ஒருவர் மலையேற, சின்னதோடு இன்னொருவர் கப்பலில் தூங்க என்று பிரித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. தொடர்ந்து மூன்று நாள் துறைமுகம் வந்தால் நடு நாளை இப்படி லேசாக வைத்துக்கொள்ளலாம்.

படி 5: கப்பல் சுற்றுலாவா, நம் ஏற்பாடா?

கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவில் விலை அதிகம், பஸ் நிறைய ஆட்கள், ஒருவர் தாமதமானால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு உத்தரவாதம்: சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. டெண்டர் துறைமுகத்தில் முதலில் இறங்குகிறவர்களும் இந்தச் சுற்றுலாவில் போகிறவர்கள்தான். கப்பல் அந்த ஊரில் நிற்காமல் போய்விட்டால் பணமும் திரும்பிவிடும்.

தனியார் வண்டியோ வழிகாட்டியோ வைத்துக்கொண்டால், ஆறேழு பேர் உள்ள குடும்பத்துக்குத் தலைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறைவு. குழந்தை தூங்கினால் வண்டியை நிறுத்தலாம், அழுதால் திரும்பிவிடலாம். ஆனால் பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா, குழந்தை கார் சீட் இருக்கிறதா, எந்த வாசலில் வந்து நிற்பார்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் போக வேண்டாம்.

நான் பிரித்துக்கொள்வது இப்படி: துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், அல்லது நடுவில் ஃபெர்ரி என்றால் கப்பல் சுற்றுலா. அரை மணிக்குள் என்றால் நம் ஏற்பாடு. இடைப்பட்டதற்கு அன்றைய ஆல் அபோர்ட் நேரத்தைப் பார்த்து முடிவு. கப்பல் சுற்றுலாவிலும் ஜிப்லைன், ஸ்நார்க்கலிங் மாதிரியானவற்றுக்கு வயது, உயரம், எடைக் கட்டுப்பாடு இருக்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் ஆசை காட்டிவிட்டு அங்கே போய் ‘உனக்கு இல்லை’ என்று சொல்ல வேண்டிவந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

படி 6: காகிதங்கள்

அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று தனித்தனியாகப் பாருங்கள். முக்கியமாக ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்: கிரீஸில் ஏறி, துருக்கியின் குசாதாசியில் நின்று, மறுபடி கிரீஸுக்கு வருகிற கப்பல் என்றால், ஷெங்கனைவிட்டு வெளியே போய் மீண்டும் நுழைகிறீர்கள். விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு விசா எடுக்க வேண்டும்.

படி 7: முந்தின இரவு

தினசரித் தாளை ஒருமுறை படித்து, ஆல் அபோர்ட் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபின் கார்டு ஆளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல், தண்ணீர், தொப்பி, மாற்றுடை ஒரு செட், மருந்து. கப்பலில் இருந்து பழம், சமைத்த உணவு எதையும் பையில் போட வேண்டாம். பல நாடுகளில் கரைக்குக் கொண்டுபோகத் தடை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் ரொம்பக் கறார். வத்திக்கானுக்குப் போவதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடுகிற உடை. பார்படோஸில் ராணுவ உடை மாதிரியான கேமஃப்ளாஜ் துணியைப் பொதுமக்கள் போடக் கூடாது. குழந்தைக்கும் அதே சட்டம்தான்.

படி 8: தாமதமாகிவிட்டால்

தினசரித் தாளின் ஒரு மூலையில் துறைமுக ஏஜென்ட்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கப்பல் நிறுவனத்துக்காக அந்த ஊரில் வேலை பார்க்கிறவர் அவர். நேரம் நெருங்குகிறது, வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது என்றால் முதல் போன் அவருக்குத்தான். சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து நிமிஷம் பார்ப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். உங்கள் பாஸ்போர்ட் கேபின் லாக்கரில் இருந்தால் ஊழியர்கள் அதை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதை வாங்கிக்கொண்டு, அடுத்த துறைமுகத்துக்கு விமானமோ ரயிலோ நம் செலவில் பிடிக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரியவர்கள் இரண்டு பேர் போனிலாவது சேமித்து வையுங்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகிற நாளில் இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும்.