கார் கண்ணாடியில் ஆவி படிகிறதா? கையால் துடைக்காதீர்கள்

குளிர் நாளில் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும், முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். உடனே கை தானாகப் போய்த் துடைக்கும். ரோடு தெரியும். அடுத்த சிக்னல் வருவதற்குள் மறுபடியும் மூடிக்கொள்ளும். ஏனென்றால் அந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை, காருக்குள்ளேயேதான் இருக்கிறது. இந்த விஷயத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான். கண்ணாடியோடு மல்லுக்கட்டுகிறோம், உள்ளே இருக்கும் காற்றைக் கவனிப்பதில்லை.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம்தான். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் காற்று சட்டென்று ஆறிப்போகிறது; அதனால் தாங்க முடியாத நீர் துளித்துளியாகக் கண்ணாடியில் இறங்கிவிடுகிறது. சிறிய காரின் உட்புறம் ஏறத்தாழ 3 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி 10 டிகிரியில் இருந்தால், அவ்வளவு காற்றிலும் 28 கிராம் அளவுக்கு மேல் நீராவி சேர்ந்ததுமே படிய ஆரம்பித்துவிடும். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 30 முதல் 50 கிராம் நீர் வெளியே வருகிறது. நான்கு பேர் ஏறினால் சில நிமிடங்களிலேயே கண்ணாடி மூடுவதில் ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் எல்லாத் தவறுகளிலும் பெரியதாக நான் சொல்வது, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தி வைப்பதை. சீக்கிரம் சூடாகும் என்று போடுகிறார்கள், சூடாகவும் செய்யும். ஆனால் எல்லோருடைய மூச்சும் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். வெளியே மழை பெய்கிறதே, அந்த ஈரக்காற்றை உள்ளே விடலாமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். தாராளமாக விடலாம். வெளியே 5 டிகிரி என்றால், எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 7 கிராமுக்கு மேல் நீராவி இருக்க முடியாது. ஹீட்டர் அதை 20 டிகிரிக்குச் சூடாக்கியதும் அதன் ஈரப்பதம் 40 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அவ்வளவு காய்ந்த காற்று கண்ணாடியில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும்.

அடுத்தது, குளிரில் எதற்கு ஏசி என்று அதை அணைத்துவிடுவது. ஏசியின் குளிர்ந்த காயிலில் காற்று படும்போது அதிலுள்ள நீர் அங்கேயே படிந்து, குழாய் வழியாகக் காருக்குக் கீழே சொட்டிவிடுகிறது. அந்தக் காற்றை ஹீட்டர் மறுபடி சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுவது முரணாகத் தெரிந்தாலும், கண்ணாடியை வேகமாகத் தெளியவைப்பது அந்தக் கூட்டணிதான். நிறைய கார்களில் கண்ணாடியின் ஆவியைப் போக்கும் டிஃபாகர் பட்டனை அழுத்தினால் ஏசியும் வெளிக்காற்றும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். கடுங்குளிரில், அதாவது 0 டிகிரியை ஒட்டி, பல கார்களில் ஏசியை இயக்கும் கம்ப்ரஸர் ஓடாது. அப்போது வெளிக்காற்றும் ஹீட்டரும்தான் கைகொடுக்க வேண்டும். இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைப் பாதி வழியில் அணைத்தால் திடீரென்று கண்ணாடி மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காயிலில் தங்கியிருந்த ஈரம் மறுபடி ஆவியாகிக் காற்றோடு நேரே கண்ணாடிக்கு வருவதுதான் காரணம். கண்ணாடி தெளிந்தவுடன் அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

சரி, கையால் துடைத்தால் என்ன தப்பு? விரல் எண்ணெய் கண்ணாடியில் வரிவரியாக ஒட்டிக்கொள்கிறது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் அந்த வரிகளில் பட்டுச் சிதறும்போது ரோட்டோரத்தில் நிற்கும் ஆள் கண்ணில் படாமல் போகலாம். நீங்கள் தொடவே இல்லையென்றாலும் கண்ணாடியின் உள்பக்கம் அழுக்காகும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காயும்போது வெளியேறும் ஆவி மெல்லிய படலமாகப் படிகிறது. அழுக்குக் கண்ணாடியில் நீர் சீக்கிரம் சின்னச் சின்னத் துளிகளாகப் பிடித்துக்கொள்ளும். கிளீனர் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் உள்பக்கத்தை அவ்வப்போது துடைத்தாலே வித்தியாசம் தெரியும். பின்கண்ணாடியில் மட்டும் சூடாக்கும் கம்பிக் கோடுகளின் போக்கிலேயே, அழுத்தாமல் துடையுங்கள். ஒரு கோடு அறுந்தால் அந்த இடம் தெளியாது.

ஷேவிங் கிரீம், சோப்பு, உருளைக்கிழங்கு என்று வீட்டு வைத்தியங்கள் நிறைய சுற்றுகின்றன. சோப்புப் படலம் இருந்தால் நீர் துளியாகாமல் பரவலாகப் படியும் என்பது உண்மைதான். ஆனால் அது நெடுநாள் நிற்காது, சரியாகத் துடைக்காவிட்டால் இரவில் கண்ணைக் கூசவைக்கும். முன்கண்ணாடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே உறைபனி இருக்கிறதென்று வெந்நீர் ஊற்றுவது அதைவிட மோசம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சின்ன ஓட்டை அளவுக்குத் தெளிந்ததும் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே கிளம்புவதும் வேண்டாம். தெளியட்டும் என்று மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

இவ்வளவு செய்தும் தினமும் காலையில் கண்ணாடி நனைந்தே இருந்தால், ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முதலில் காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். நனைந்த குடையும் ஷூவும் காரணமாக இருக்கலாம். வைப்பருக்குக் கீழே இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம், கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் பிளோயரில் காற்றே சரியாக வராது, அதையும் பார்த்துவிடுங்கள். படிவது பிசுபிசுப்பாக இருந்து, காருக்குள் ஒரு இனிப்பு வாசனையும் வந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் சூடாகி வழியிலேயே நின்றுவிடும்.