நம் குற்றத்தை நாமே அறிந்து திருத்திக்கொள்வது எப்படி?

குணத்தைச் சீர்ப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எல்லா நற்குணங்களையும் ஒரே நேரத்தில் கைக்கொள்ள முயன்று, சில வாரங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் குற்றம். அதுவும் ஒரே ஒரு குற்றம். பொறாமை, பேராசை, சினம், கடுஞ்சொல் ஆகிய நான்கையும் விலக்கி நடப்பதே அறம் என்றார் வள்ளுவர். இந்த நான்கில் எது உங்களிடம் மிகுதி என்று பாருங்கள்.

அதை அறிய ஒரு குறிப்பேடு போதும். இரவில் படுக்கும் முன், அன்று உணர்ந்ததை விட்டுவிட்டு, செய்ததையும் சொன்னதையும் எழுதுங்கள். "கோபம் வந்தது" என்ற குறிப்பால் பயனில்லை. "பினாங்குப் பாலத்து நெரிசலில் நின்றுவிட்டு வீடு வந்ததும், பள்ளிப் பையைக் கூடத்தில் போட்டதற்காகப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தார்" என்று, வேறொருவரைப் பற்றி எழுதுவது போல எழுத வேண்டும். அயலார் குற்றத்தைப் போலத் தன் குற்றத்தையும் காண முடிந்தால் உயிர்க்குத் தீது ஏது என்று புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் கேட்பதும் இந்தப் பார்வையைத்தான். சில நாள்களில் குற்றம் தலைகாட்டும் நேரமும் இடமும் தெரிந்துவிடும்.

நற்குணத்தின் பெயரில் நடமாடும் குற்றங்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே வீரம், கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே ஈகை என்று, நற்குணத்தை இரண்டு குற்றங்களுக்கு இடையில் வைத்துக் காட்டினார். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது ஈகை; அடுத்த பந்தலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று கடன் வாங்கிப் போடுவது வேறு. பதாகையில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் அதே தொகையைக் கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "பாவம் அந்தப் பெண், என்னதான் நடந்ததோ" என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் இரக்கம் அன்று. அவர் எதிரில் அதே சொற்களைச் சொல்ல முடியாதென்றால் அது புறங்கூறல். கோயில் நிர்வாகக் கூட்டத்தில் கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் வாய்மூடி இருந்துவிட்டு, அதை அடக்கம் என்று சொல்லிக்கொள்வோரும் உண்டு. (வெளியே வந்து ஒட்டுக்கடையில் அமர்ந்ததும் அவர்களுடைய அடக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை.)

குற்றம் தெரிந்தபின், கோணிய மரத்தை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்துவது போலச் செயல்படச் சொல்கிறார் அரிஸ்டாட்டில். பொறாமை உள்ளவர், உறவினர் புதுவீடு வாங்கிய செய்தி கேட்டதும் நேரில் போய் முதல் ஆளாக வாழ்த்தட்டும். மனம் ஒப்பாவிட்டாலும் பரவாயில்லை. சினம் உள்ளவர் வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம் யாரையும் திருத்தாமல் இருக்கட்டும். மனம் மாறிய பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் செயல் நடக்காது. செய்யச் செய்யத்தான் மனமும் பழகுகிறது.

18ஆம் நூற்றாண்டு அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின், 13 நற்குணங்களை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் சிறு ஏட்டில் கரும்புள்ளி வைத்தார். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் மட்டும் தமக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்றும் எழுதினார். ஏடு நல்ல யோசனை. ஆனால் ஒரு வாரம் போதாது என்பது என் கருத்து. தைப்பூச விரதத்தில் புலாலையும் மதுவையும் விலக்கி நாவைக் காப்பவர்களிடம் கட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை. விரதம் முடியும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அத்துடன் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. விரதத்தில் விட்டவற்றுள் ஒன்றை மட்டும் திருவிழாவுக்குப் பிறகும் தொடர்வது நல்ல தொடக்கம்.

ஒரு குற்றம் பல வாரங்களாகக் குறிப்பேட்டில் இடம்பெறாவிட்டால் அடுத்ததைக் கையில் எடுக்கலாம். அதற்கு முன், உங்களுக்கு அஞ்சாத ஒருவரிடம், மனைவியிடமோ அக்காளிடமோ, மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அதே பக்கத்தைத் தொடருங்கள்.