பி-பெண்டர் இல்லாமலே கிளாரன்ஸ் ஒயிட் பாணி: முதல் படிகள்

கன்ட்ரி-ராக் கிட்டாரில் பெடல் ஸ்டீல் (மிதிகளால் சுருதியை மாற்றும் படுக்கைவாட்டு கிட்டார்) போல இழையும் ஒலியைக் கேட்டதும் பலரும் முதலில் தேடுவது, இரண்டாவது ஸ்ட்ரிங்கான பி ஸ்ட்ரிங்கை இழுத்து சுருதியை ஏற்றும் பி-பெண்டர் கருவியைத்தான். அவசரம் வேண்டாம். அமெரிக்க ராக் குழுவான பைர்ட்ஸின் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட் அந்த ஒலிக்கு வந்து சேர்ந்த வழியிலேயே நாமும் போவோம். சிறுவயதில் அண்ணன் ரோலண்ட் மாண்டலின் வாசிக்க, இவர் ரிதம் பிடித்தார். 1960-களின் நடுவில் கென்டக்கி கர்னல்ஸ் குழுவில் புளூகிராஸ் வாசித்தபோது கையில் இருந்தது அக்கூஸ்டிக் மார்ட்டின் கிட்டார். டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் அப்புறம்தான். கிட்டார் மாறியது, டோன் மாறியது. தாளத்தோடு விளையாடும் வலது கை மாறவில்லை.

படி 1: அந்த வலது கை

ஜி கார்டு பிடியுங்கள். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பிக்கால் கீழே ஒன்று, மேலே ஒன்று மீட்டுங்கள். சரளமானதும், மூன்றாம் தட்டில் கை வழக்கம்போல இறங்கட்டும். ஸ்ட்ரிங்கை மட்டும் தொடாமல் விடுங்கள். அதற்கு முன் மேல்நோக்கி மீட்டியது அந்த இடத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். எதிர்பார்த்த இடத்தில் அடிக்காமல் விடுவதுதான் ஒயிட்டின் குறும்பு. என்னைக் கேட்டால், பெண்டை (ஸ்ட்ரிங்கை வளைத்து சுருதி ஏற்றுவதை) விட இதற்குத்தான் அதிக நாள் கொடுக்க வேண்டும்.

படி 2: நட்டுக்குப் பின்னால்

இதற்கு ஃபிரெட்டே பிடிக்க வேண்டாம். ஐந்தாவது, இரண்டாவது, முதல் ஸ்ட்ரிங்குகளைத் திறந்தபடி மீட்டுங்கள். உடனே இடது கை விரலால் இரண்டாவது ஸ்ட்ரிங்கை நட்டுக்கும் (கழுத்தின் உச்சியில் ஸ்ட்ரிங்குகள் பதியும் பட்டை) டியூனிங் கீக்கும் இடையில் அழுத்துங்கள். பி ஸ்வரம் சி ஷார்ப்புக்கு ஏறும். ஏ மேஜர் கார்டு மலரும். சுருதி சரியா என்று இரண்டாவது ஃபிரெட்டில் வாசித்து ஒப்பிடுங்கள். விரல் வலிக்கும், மெல்லிய 9-42 ஸ்ட்ரிங் செட் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

இந்த உத்தியில்தான் கருவியே பிறந்தது. இடது கை கார்டில் சிக்கியிருந்ததால், ஒயிட்டுக்காக அவரோடு வாசித்த டிரம்மர் ஜீன் பார்சன்ஸ் ஸ்ட்ரிங்கை இழுத்துக் கொடுத்தார். பிறகு அந்த வேலையைச் செய்யும் நெம்புகோலை டெலிகாஸ்டருக்குள் வைத்தார். தோள்பட்டை வாரோடு அது இணைந்திருக்கும். கிட்டாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் பி ஸ்ட்ரிங் ஒரு முழு ஸ்வரம் ஏறும்.

படி 3: ஃபிரெட்டில்

பத்தாவது ஃபிரெட். சுண்டுவிரல் முதல் ஸ்ட்ரிங்கில், மோதிரவிரல் இரண்டாவதில். நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் அதே ஸ்ட்ரிங்கில் பின்னால் துணைக்கு. இரண்டையும் சேர்த்து மீட்டி, இரண்டாவதை மட்டும் மேலே தள்ளுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் சுருதிக்கு ஏறி, நடுங்காமல் நிற்க வேண்டும். சுண்டுவிரல் அசைந்தால் மேல் ஸ்வரமும் கெடும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

டோன்? பிரிட்ஜ் பிக்கப், கிளீன் ஆம்ப், மிதமான கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி). போதும்.

இதன் பிறகும் கருவி மீது ஆசை இருந்தால், மேலே சொன்ன பார்சன்ஸ்-ஒயிட் வகைக்குக் கிட்டாரின் உடலைக் குடைய வேண்டியிருக்கும். குடையாமல் வெளியே பொருத்தும் வகைகளும் கிடைக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள்.