ஜனாதிபதித் தேர்தலில் யார் புள்ளி?

காரைக்குடியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். சென்ற வாரம் திருத்திய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் இப்படி இருந்தது: "குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்." ஒரு சொல் குறைகிறது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட' உறுப்பினர்கள் என்று எழுத வேண்டும்.

நகரத்தாரிடம் புள்ளிக் கணக்கு உண்டு. வீட்டில் பத்துப் பேர் இருக்கலாம். கோயில் கணக்கில் மணமான தம்பதிதான் ஒரு புள்ளி. இந்தத் தேர்தல்களையும் அப்படியே படியுங்கள். அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை விடுங்கள், யார் புள்ளி என்று பாருங்கள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நியமன உறுப்பினர், அதாவது தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்பட்டவர், புள்ளி இல்லை. மேலவை உள்ள மாநிலங்களில் மேலவையினரும் இல்லை. குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலிலோ சட்டமன்றங்களுக்கு வேலையே கிடையாது. நாடாளுமன்றத்தின் இரு அவையினரும் வாக்களிப்பார்கள், நியமன உறுப்பினர் உட்பட. 2022-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இளையராஜாவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: அவருக்குத் துணைத் தலைவர் தேர்தலில் வாக்கு உண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலில் இல்லை.

அடுத்தது வாக்கின் மதிப்பு. குடியரசுத் தலைவர் தேர்தலில் காரைக்குடி எம்.எல்.ஏ.வின் வாக்குக்கு மதிப்பு 176. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதைச் சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையான 234-ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். நம் பிள்ளைகள் 2011 கணக்கை எடுத்து 308 என்று எழுதிவிடுகிறார்கள். வகுத்தல் சரி, ஆண்டுதான் தவறு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்றுதான் 1971 கணக்கை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. எம்.பி.யின் வாக்கு 2022-இல் 700.

மாநிலங்களவைக் கணக்கில் வேறொரு சறுக்கல். தமிழ்நாட்டில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால் வாக்களிக்கும் எம்.எல்.ஏ.க்கள் 234 பேரை ஆறால் வகுத்து 39 என்கிறார்கள். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, ஏழால் வகுக்க வேண்டும். 33-ஐச் சற்றுத் தாண்டும். இந்தத் தேர்தல்களில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்கள். ஆகவே 34 பேரின் முதல் விருப்ப வாக்கு இருந்தால் ஒரு இடம் உறுதி. அந்தந்த மாநிலத்துக்காரர்தான் நிற்க முடியும் என்பதும் பழைய கதை. 2003-இல் அந்த விதி போய்விட்டது. நம் செட்டிநாட்டுக்காரரான ப. சிதம்பரம் 2016-இல் மகாராஷ்டிரத்திலிருந்துதான் மாநிலங்களவைக்குப் போனார்.

அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அங்கே அதிபர் இறந்தால் மீதிக் காலம் முழுவதும் துணை அதிபர்தான் அதிபர். இங்கே துணைத் தலைவர் பொறுப்பை மட்டும் பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். 1969-இல் ஜாகிர் உசேன் மறைந்தபோது பொறுப்பேற்ற வி.வி. கிரி, தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார். இடைப்பட்ட காலத்தில் தலைமை நீதிபதி ஹிதயதுல்லா அந்த நாற்காலியில் இருந்தார். அந்தத் தேர்தலில் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகே கிரி வென்றார்.

விருப்ப வாக்கு புரியட்டும் என்று வகுப்பிலேயே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினேன். ஒருவர் டிக் அடித்திருந்தார், செல்லாது. இன்னொருவர் இருவருக்கும் '1' போட்டிருந்தார், அதுவும் செல்லாது. தேர்தல் ஆணையம் தரும் பேனாவைத் தவிர வேறு பேனாவும் கூடாது. 2016-இல் ஹரியானா மாநிலங்களவைத் தேர்தலில் அதற்காகவே பத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் தள்ளுபடியாயின. கடைசி வரிசையில் ஒரு பெண் '௧' என்று தமிழ் எண்ணில் எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அவன் சீட்டைப் பிரித்தேன்: 'ஒன்று' என்று எழுத்தால் எழுதியிருந்தான். எந்த இந்திய மொழியின் எண்ணுருவும் செல்லும், எழுத்தால் எழுதினால் செல்லாது. அவளுடையதை எண்ணிக்கையில் சேர்த்தேன், அவனுடையதைத் தனியே எடுத்து வைத்தேன்.